கிடைச்சா ஒரு வரி போடு

...போய்விட்டது, இனி ஓடிப் பிடிக்க முடியாது, பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் எண்ணூற்றுப் பதினாறு பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கும், பழைய சர்வரில் சோதனைக்கென்று நான் வைத்திருக்கும் 'அரைவேக்காடு' என்ற பெட்டிக்கு ஒரு வரி அனுப்ப உட்கார்ந்தவன், முதல் எழுத்தை அடித்ததுமே கணினி ஆசையாக எடுத்து நீட்டிய பெயரை ஏறெடுத்தும் பார்க்காமல் சரி என்று தட்டிவிட்டேன், அது நீட்டிய பெயர் 'அனைவரும்', ஆக இந்த மருத்துவமனையின் இயக்குநர் தொடங்கி அறுவை மருத்துவர்கள், செவிலியர்கள், எக்ஸ்ரே, மருந்தகம், சலவைப் பிரிவு, வாசல் காவலர் அறை வரை அத்தனை பேர் திரையிலும் இந்நேரம் என் பெயரோடு ஒரே ஒரு வரி மின்னிக்கொண்டிருக்கும், "கிடைக்குதா? கிடைச்சா ஒரு வரி போடு." போடு! ஒரு 'ங்க' சேர்த்திருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும், இயக்குநரோடு லிஃப்டில் போக நேர்ந்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறவன் நான், அவரைப் பார்த்துப் 'போடு'... அரைவேக்காடு என்று அந்தப் பெட்டிக்கு யாரை நினைத்துப் பெயர் வைத்தேனோ, பெயர்ப் பொருத்தம் இன்றைக்குத்தான் முழுசாகக் கூடிவந்திருக்கிறது.

எல்லாம் காலையில் வந்த மேலாளரின் போனால் வந்தது. "ஏம்ப்பா, ரெண்டு நாளா எனக்கு ஒரு லீவ் லெட்டர்கூட வரலையே, எல்லாரும் திருந்திட்டாங்களா, இல்ல உன் மிஷின் செத்துப்போச்சா?" என்றார், திருந்தியிருக்க மாட்டார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, எனவே கீழே வந்தேன், கீழே என்றால் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், பிணவறைக்கு இரண்டு கதவு தள்ளி, வெளியே வெயில் கொளுத்தும்போதும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் இந்தக் குளிர் அறைக்கு. இங்கேதான் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பழைய சர்வர், பதினோரு வருஷமாக இந்த மருத்துவமனையின் எல்லாக் கடிதங்களையும் தாங்கியது, உறை மஞ்சளடித்து, விசிறி சளி பிடித்தவர் மாதிரி இழுத்துக்கொண்டு. புதியது, மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது, கறுப்பாக, ஒல்லியாக, நீல விளக்கோடு, சத்தமே இல்லாமல், தன் அழகு தனக்கே தெரிந்த தோரணையில். ஒரே நாளில் எல்லோரையும் குடிமாற்ற முடியாது, அறுபத்து மூன்று பேரின் பெட்டிகளை மட்டும் புதியதற்கு மாற்றியிருக்கிறேன், மேலாளர்களும் எங்கள் பிரிவு ஆட்களும், மற்றவர்கள் இன்னும் பழையதில், அதுவரை இரண்டும் ஒன்றுக்கொன்று கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டு ஒரு குடும்பமாக நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பழையதற்கு நான் வைத்த பெயர் மாமனார், புதியதற்கு மாப்பிள்ளை. காரணம் இருக்கிறது, என் கல்யாணப் பேச்சின்போது என் அக்கா "தம்பி ஆஸ்பத்திரியில சர்வரெல்லாம் பாத்துக்கறான்" என்று பெருமையாகச் சொல்ல, என் வருங்கால மாமனார் மிகுந்த பரிவோடு, "நல்ல வேலைதான், டிப்ஸும் வரும்" என்றார், ஆஸ்பத்திரி கேன்டீனில் நான் தட்டு தூக்குவதாக முடிவு செய்துவிட்ட பிறகும் பெண் கொடுக்கத் தயாராக இருந்த அந்த மனுஷரின் பெருந்தன்மைக்கு நான் செலுத்திய மரியாதை இந்தப் பெயர்.

சரி, அனுப்பியது அனுப்பியதுதான், இனி வசவு வரட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், மேலாளரிடமிருந்து "என்னப்பா இது?" என்று ஒன்று வந்தது, என் பிரிவில் பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து "கிடைச்சுது. போட்டாச்சு. வேற?" என்று ஒன்று, அதன்பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை... இதுதான் நடக்கக்கூடாதது, எனக்கு இவர்களைத் தெரியும், போன வருஷம் 'இந்த அறிவிப்புக்கு யாரும் பதில் அனுப்ப வேண்டாம்' என்று ஒரு மெயில் போனபோது நூற்றிருபது பேர் 'சரி, அனுப்பவில்லை' என்று பதில் அனுப்பினார்கள், அதிலும் மருந்தகத்து அம்மா இரண்டு தடவை, அப்படிப்பட்டவர்களைப் பார்த்து 'ஒரு வரி போடு' என்று கெஞ்சியும் எழுநூற்றைம்பது பேர் வாயைத் திறக்கவில்லை என்றால், அவர்கள் திறக்காமலில்லை, திறந்தது எனக்குக் கேட்கவில்லை. புதியதிலிருந்து பழையதற்குப் போகிறது, பழையதிலிருந்து புதியதற்கு வரவில்லை. மாப்பிள்ளை பேசுகிறார், மாமனார் பேச்சு எடுபடவில்லை. ஒரு தவறான விரல் தட்டலில் நான் ஒரு மணி நேர ஆராய்ச்சியை முடித்துவிட்டேன், இதைத் திறமை என்று மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மாமனாரின் வரிசையைத் திறந்தேன், வரிசை என்றால் வெளியே போக முடியாத கடிதங்கள் காத்து நிற்கும் இடம், அறுநூற்றுப் பதினொன்று என்றது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுநூற்று நாற்பது, அறுநூற்று எழுபது, எனக்கு ஒரு வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும், அறுவை முடித்துக் கை கழுவியவர்கள், சலவைப் பிரிவில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டவர்கள், முகம் தெரியாதவர்கள்... திட்டித்தான் எழுதியிருப்பார்கள், இருந்தாலும் ஒருவன் 'கிடைச்சா சொல்லு' என்றால் இத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது, அதை எப்படிச் சொல்ல, ஸ்வெட்டருக்குள் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏ.சி.யால் இல்லை.

எப்போதிலிருந்து நிற்கிறது என்று தெரிய வேண்டும், பழசு மேலே வரும்படி அடுக்கச் சொன்னேன், அடுக்கியது, முதல் வரியில் இருந்த பெயரைப் படித்தேன், திரும்பவும் படித்தேன், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று படித்தேன், எழுந்து நின்றால் வேறு பெயராகத் தெரியுமா என்ன. அனுப்பியவர், இரத்தப் பரிசோதனைக் கூடம், முதுநிலை நுட்பர், அதாவது என் மனைவி. பெறுபவர் நான். அனுப்பிய நேரம் புதன்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அளவு நான்கு கேபி. முயற்சிகள், இருநூற்று எண்பத்திரண்டு.

அவள் பதில் போட்டிருக்கிறாள். நான் மெயில் அனுப்பிய நான்காவது நிமிஷம் பதில் போட்டிருக்கிறாள்... இரண்டு நாளாக நான் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இவள் ஏன் பதில் சொல்லவில்லை, சொல்லவே மாட்டாளா, சோறு போடும்போதுகூட இந்த மௌனம் எதற்கு என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தேன், அவளும் அந்தப் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பாளோ, ஒரே மேஜை, இரண்டு தட்டு, இரண்டு பேருமே எதிராளி பதில் சொல்லவில்லை என்று... ஒன்பது நாளுக்கு முன்னால் அந்த மேஜையில்தான் ஆரம்பித்தது, ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி ஒரு புதுக் கிளை திறக்கிறார்கள், அங்கே பரிசோதனைக் கூடத்தை முழுசாக அமைத்துக் கொடுத்து நடத்த இவளைக் கேட்கிறார்கள், இரண்டு வருஷம், அவள் தண்ணீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள், நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது, "பால்காரர்கிட்ட ஒரு பாக்கெட் குறைக்கச் சொல்லணும், வேற என்ன?" என்றேன். சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்து முடித்துவிட்டுக் குவளையை வைத்தாள், வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது, சாப்பாடு, துணி, சாவி, பஸ், பேச்சு மட்டும் தேவைக்கு அளந்து. நேரில் கேட்கத் துணிச்சல் இல்லாமல் புதன்கிழமை இந்த அறையில் உட்கார்ந்து மெயிலில் கேட்டேன், 'போவதாக முடிவு பண்ணிவிட்டாயா? பி.கு: பால் பாக்கெட் ஜோக்குக்கு வருந்துகிறேன், அதைவிட நல்ல ஜோக் ஒன்று கைவசம் உள்ளது.' பி.கு. இல்லாமல் எனக்கு ஒரு வரி எழுத வராதா... வராது போல.

ஐயோ, நேற்று சாயங்காலம். நேற்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று அவள், "பாத்தீங்களா?" என்றாள், எதை என்று நான் கேட்டிருக்க வேண்டுமா இல்லையா, ஒரு மனுஷன் கேட்பானா இல்லையா, ஆனால் அங்கே குழாய் நாலு நாளாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது, அவள் குழாய்ப் பக்கத்தில்தான் நின்றாள், நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பாத்தேன் பாத்தேன், இப்ப என்ன அவசரம், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன்.  குழாய் இரண்டு சொட்டு விட்டது. பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள், நானும் அட, குழாய்க்குக் கூட இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டேன்... அவள் கேட்டது குழாயை இல்லை. இந்த நான்கு கேபியைக் கேட்டாள். இன்றைக்கு வெள்ளி, நாலு மணிக்குள் அவள் தன் முடிவை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு முந்தின நாள் வந்து தன் கடிதத்தைப் பார்த்தாயா என்று கேட்கிறாள், புருஷன் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். அதோடு விட்டதா, இதோ பத்து நிமிஷத்துக்கு முன்னால் எண்ணூறு பேரோடு சேர்த்து அவளுக்கும் ஒரு மெயில், 'கிடைக்குதா? கிடைச்சா ஒரு வரி போடு.' பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளலாம், ஏற்கெனவே அடித்தளத்தில் இருப்பதால் அதற்கும் அதிக சிரமம் இருக்காது.

மணி பத்து ஐம்பது. மாமனார் ஒரு கடிதத்தை இரண்டு நாள்தான் வைத்திருப்பார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கதவைத் தட்டுவார், திறக்காவிட்டால் திரும்பி வந்து குறித்துக்கொள்வார், மறுபடி போவார், நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்ததும் கடிதத்தை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார், மேலே ஒரு சீட்டு ஒட்டி, 'பெறுபவர் தரப்பு ஏற்கவில்லை' என்று. பெறுபவர் தரப்பு! பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவள் மேஜையில் அந்தச் சீட்டு வந்து விழும், அவள் கேள்வியையோ பதிலையோ எதையோ நான் ஏற்கவில்லை என்று ஒரு இயந்திரம் எழுதிக் கொடுத்திருக்கும், நாலு மணிக்கு அவள் கையெழுத்துப் போடுவாள். இடையில் 'உங்கள் கடிதம் தாமதமாகிறது' என்று அனுப்பியவருக்கு ஒரு எச்சரிக்கை போவது வழக்கம், அது ஏன் போகவில்லை என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, குடிமாற்ற நேரத்தில் ஜனங்கள் பயந்துபோய் எனக்குப் போன் செய்வார்களே என்று அதை அணைத்து வைத்ததும் இதே கைதான். ஆனாலும் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, இருநூற்று எண்பத்திரண்டு, இப்போது எண்பத்து மூன்று, ராத்திரி நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தூங்கியபோதும், நேற்று நான் குழாயைப் பற்றிப் பேசியபோதும், இந்த மஞ்சளடித்த பெட்டி சளி விசிறியோடு எழுந்து அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் என் வாசலில் நின்றிருக்கிறது, கோபமில்லை, சலிப்பில்லை, போன தடவை முகத்தில் அடித்த மாதிரி சாத்தினாயே என்ற வருத்தமில்லை. நானாயிருந்தால்... ஒரு தடவை குவளை வைத்த சத்தத்துக்கே ஒன்பது நாள் ஒதுங்கிவிட்டேன்.

கடிதத்தை வரிசையிலிருந்து வெளியே எடுத்துத் திறக்க வழி இருக்கிறது, நாலு கட்டளை, அரை நிமிஷம், எனக்கு அதிகாரமும் இருக்கிறது, பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் கடிதத்தையும் அப்படித் திறந்ததில்லை, ஆனால் இது எனக்கு வந்ததுதானே, என் பெயர்தானே போட்டிருக்கிறது... என் பெட்டியில் விழுந்தால் என்னுடையது, வழியில் நிற்கும்வரை அது அவளுடையது, அவள் கையை விட்டும் என் கைக்கு வராமலும் நடுவில் நிற்கும் ஒன்றைத் தொட எனக்கு என்ன உரிமை, தவிரவும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உரிமை எல்லாம் பிறகு, பயம் முதலில். நான்கு கேபியில் என்ன பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன், வெறும் மெயிலுக்கே மேல்விலாசம், வழிக்குறிப்பு எல்லாம் மூன்று கேபி போய்விடும், மிச்சம் ஒரு கேபி, தமிழ் எழுத்து இடம் அதிகம் பிடிக்கும், ஆக ஒரு எட்டுப் பத்து வரி. 'போகவில்லை' என்பதற்கு எட்டு வரி எதற்கு? 'போகிறேன்' என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும். இல்லை, போகாவிட்டாலும் திட்ட வேண்டுமே, திட்டுவதற்கு எட்டு வரி அவளுக்குக் குறைச்சல் ஆயிற்றே...

உதவி மையத்துக்குப் போன் போட்டேன், சர்வர் விற்ற ஆட்களின் உதவி மையம், நிபுணர் வந்தார், குரலில் வெண்ணெய், "சார், மெயில் ஃப்ளோ நார்மலாத்தான் சார் இருக்கணும்" என்றார், "இருக்கணும், ஆனா இல்லையே" என்றேன், "இல்லாம இருக்கவும் வாய்ப்பு இருக்கு சார்" என்றார், கனெக்டரா, பெயர்த் தேடலா, சான்றிதழா என்று நான் கேட்ட மூன்றுக்கும் "அதுவாவும் இருக்கலாம் சார்" என்று தாராளமாக விட்டுக்கொடுத்தார், எதையாவது இல்லை என்று சொல்லுங்கள் ஐயா என்று கெஞ்சினேன், "இல்லைன்னும் சொல்ல முடியாது சார்" என்றார், போனை வைக்கும்போது ஒரு விஷயம் உறைத்தது, என் மனைவி பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த மாதிரிக் குரலைத்தான் போலிருக்கிறது, இவர் வெண்ணெய், நான் வேடிக்கை, வித்தியாசம் அவ்வளவுதான்.

வேறு வழியில்லை, பேச்சுப் பதிவையே எடுத்தேன், இரண்டு சர்வர்களும் வாசலில் நின்று என்ன பேசிக்கொள்கின்றன என்று வரி வரியாக எழுதி வைக்கும் பதிவு, சாதாரணமாக யாரும் படிக்க மாட்டார்கள், ஆயிரக்கணக்கான வரிகள், ஆனால் படித்தால் அதில் ஒரு நாடகமே இருக்கிறது. மாமனார் போய்த் தட்டுகிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது, 'வணக்கம், நான் இன்னார்.' மாமனார் தன் பெயரைச் சொல்லி, 'நீ நம்ம வீட்டு ஆள்தானே, அடையாளம் காட்டு' என்று கேட்கிறார், வீட்டு ஆட்களுக்குள் ஒரு ரகசியக் கைகுலுக்கல் உண்டு, அதைச் செய்தால்தான் கடிதத்தைக் கொடுப்பார். எதிர்த்தரப்பு ஏதேதோ சொல்கிறது, எனக்கு அது தெரியும் இது தெரியும் என்று, கைகுலுக்கலை மட்டும் செய்யவில்லை. மாமனார் கொஞ்சம் காத்திருக்கிறார். பிறகு விடைபெறும் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார், அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'நிறுத்திக்கொள்கிறேன்' என்பதுதான், ஆனால் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறவர் சொன்னால் அதற்கு அர்த்தம் 'போயிட்டு வரேன்'. போயிட்டு வரேன், போயிட்டு வரேன், போயிட்டு வரேன், பக்கம் பக்கமாக... கடைசியில் மேலே போய் அந்த முதல் வணக்கத்தை நிதானமாகப் படித்தேன், ஆங்கில எழுத்துகளில் இருந்ததால் இத்தனை நேரம் கண் தாண்டிப் போயிருக்கிறது, ஏதோ ஒரு சர்வர் பெயர் என்று, எழுத்துக்கூட்டிப் படித்தேன், மா... ப்... பிள்... ளை. 'வணக்கம், மாப்பிள்ளை பேசுகிறேன்.'

உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. புதன்கிழமை பதினொன்று முப்பத்தெட்டுக்கு அவளுக்கு மெயிலை அனுப்பிவிட்டேன், பதில் வருமா வராதா, என்ன வரும், திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று புதியதன் அமைப்புகளைத் திறந்து, கதவைத் தட்டுகிறவர்களுக்கு அது சொல்லும் பெயரை அழித்துவிட்டு 'மாப்பிள்ளை' என்று போட்டேன், சும்மா, ஒரு வேடிக்கைக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் என்றைக்காவது பார்த்துச் சிரிப்பார் என்று. கணினி தடுக்கத்தான் செய்தது, உண்மைப் பெயர் இல்லாவிட்டால் வீட்டு ஆட்களை அடையாளம் காணும் அந்த டிக்கை வைத்திருக்க முடியாது, டிக்கை எடுத்தால்தான் பெயரை மாற்றலாம் என்றது, எடுத்தேன், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. மணி பதினொன்று நாற்பது இருக்கும். அவள் மேலே மூன்றாவது மாடியில் அந்த நிமிஷம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பத்திரண்டுக்கு அவள் கடிதம் வந்து கதவைத் தட்டியது, கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு கோமாளிக் குரல், 'மாப்பிள்ளை பேசுகிறேன்', நீ வீட்டு ஆளா என்றால் பதில் இல்லை. இரண்டே நிமிஷம்... பொறுத்திருந்தால் என்ன, பயந்தபடியே சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன, பயம் ஆளைத் தின்றா விடும்.

பதினொன்று இருபது. சரி செய்ய ஒரு நிமிஷம் போதும். கை மவுஸின் மேல் இருக்கிறது, நகரவில்லை, ஏன் நகரவில்லை என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் பாவனை செய்தேன், இருபத்திரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் கடிதம் திரும்பிப் போய்விடும், எனக்கு வரவே இல்லை, நான் படிக்கவே இல்லை, சர்வர் கோளாறு என்று ஆயுசு முழுக்க ஒரு நல்ல காரணம் கையில் இருக்கும், இதைவிடச் சுத்தமாக ஒரு பதிலிலிருந்து தப்பிக்க யாருக்கும் வாய்க்காது... மாமனாரின் விசிறி ஒரு தடவை இழுத்து, அடுத்த முயற்சிக்குக் கிளம்பியது. இருநூற்று எண்பத்தாறு. எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு பெட்டியின் முன்னால் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. முதலில் டிக்கைப் போட்டுப் பார்த்தேன், கணினி மறுத்தது, இந்தப் பெயரோடு முடியாது, உன் உண்மைப் பெயரைப் போடு என்றது, ஒரு நொடி அது சர்வரிடம் சொல்கிறதா என்னிடமா என்றிருந்தது, மாப்பிள்ளையை அழித்தேன், ருசியே இல்லாத அதன் அசல் பெயரை, எழுத்தும் எண்ணும் கோடுமாக, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்தேன், டிக், சேமி, மாமனாரிடம் போய் 'இப்போதே மறுபடி முயற்சி செய்' என்றேன். போனார். தட்டினார். வணக்கம் என்றது, பெயரைச் சொன்னது. அடையாளம் என்றார். இதோ என்றது.

அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை, வேலையைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஜோக்குதான் வரும், ஆனால் அந்தப் பதினோரு நொடி நான் சும்மா நின்றேன், வாயைத் திறந்துகொண்டு. ஆயிரத்து நூற்று ஆறு என்று நின்ற எண் எண்ணூறாயிற்று, ஐந்நூறாயிற்று, நாற்பது, ஒன்பது, பூஜ்யம், இரண்டு நாளாக வாசலில் நின்ற விடுப்புக் கடிதங்கள், வேலை நேர மாற்றங்கள், மன்னிப்புகள், அழைப்புகள், எழுநூறு பேரின் ஒரு வரிகள், ஒன்றை ஒன்று இடிக்காமல், முந்தி வந்தது முந்தி, மூச்சு விடும் நேரத்தில் மூன்றடி தள்ளியிருக்கும் கறுப்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன, நீல விளக்கு படபடவென்று துடித்தது, மாமனாரின் விசிறி ஒரு நொடி ஓங்கிப் பிறகு மெல்லத் தணிந்தது, சுமையை இறக்கி வைத்தவர் மூச்சுவிடுகிற மாதிரி. பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வேலை, ஒரு நாளும் இதை நான் பார்த்ததில்லை, போய்ச் சேர்ந்துவிட்டால் யார் பார்க்கிறார்கள், போய்ச் சேராததைத்தானே பார்க்கச் சம்பளம் தருகிறார்கள்.

என் போன் அதிர ஆரம்பித்தது, 'போட்டாச்சு', 'கிடைத்தது ஐயா', 'யாரப்பா நீ', 'சலவைப் பிரிவில் கிடைத்தது, இஸ்திரி போடவா?', இயக்குநரிடமிருந்து 'கிடைத்தது. நன்றி', மருந்தகத்து அம்மாவிடமிருந்து இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், புதன்கிழமைத் தேதியோடு, அவள். திறந்தேன். எட்டு வரிதான்.

'நான் போறேனா இல்லையான்னு கேட்டிருக்கீங்க. நான் உங்ககிட்ட கேட்டது அது இல்ல. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேட்டேன். பதினாலு வருஷத்துல உங்களுக்கு ஒண்ணு கஷ்டமா இருக்குன்னு நீங்க ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. ஒரு ஜோக் சொல்வீங்க, நான் சிரிப்பேன், அப்புறம் உள்ள போய் நானே முடிவு பண்ணிக்குவேன். இந்தத் தடவை ஒரே ஒரு வரி, சிரிக்காம சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு என் பதிலைச் சொல்றேன். நல்ல ஜோக்கை அப்புறம் கேட்டுக்கறேன்.'

பதில் இல்லை, கேள்வி. இரண்டு நாளாகத் தட்டிய சர்வரை விட்டுத்தள்ளு, பதினாலு வருஷமாக ஒருத்தி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து... நான் ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து வேடிக்கைக் குரலில் வணக்கம் சொல்லி... மணி பதினொன்று முப்பத்தொன்று. மேஜைப் போனை எடுத்தேன், பரிசோதனைக் கூடத்தின் எண்ணை அழுத்தினேன், மணி நாலு தடவை அடித்தது.

"லேப்."

"நான்தான்."

"சொல்லுங்க. மெயில் கிடைச்சுது. எண்ணூறு பேரோட எனக்கும் கிடைச்சுது. ஒரு வரி போடணுமாமே? ரெண்டு நாளா போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"இப்பத்தான் வந்துச்சு. உன்னுது. மிஷின்ல நின்னுட்டு இருந்துச்சு, நான்தான் கெடுத்தேன். நேத்து நீ கேட்டப்ப நான் குழாயைன்னு நினைச்சேன்."

 அந்தப் பக்கம் இரத்தக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "குழாயையா?" என்றாள், குரல் எங்கேயோ உடைந்து சிரிப்பின் ஓரத்துக்கு வந்தது, "ஐயோ கடவுளே... ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு சொன்னீங்களே..." சிரிக்கிறாள், இந்தச் சிரிப்பிலேயே நழுவிவிடலாம், வாய்க்குள் மூன்று ஜோக்குகள் வரிசையில் வந்து நின்றுவிட்டன, அதில் ஒன்று நிஜமாகவே நல்லது, விழுங்கினேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "போகாதேன்னு சொல்லல. நீ இல்லாத வீட்டை நினைச்சா பயமா இருக்கு. அவ்வளவுதான்."

பி.கு. எதுவும் சேர்க்கவில்லை. நான் சொன்ன சொல் போய்க்கொண்டிருக்கிறது, அடித்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு, கம்பி வழியாக, நடுவில் யாரும் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. சுழல் இயந்திரம் தணிந்து நின்றது. யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள், இரு என்றாள், கதவு சாத்தப்பட்டது, பெருமூச்சு ஒன்று, அழுகிறாளா, எனக்குத் தெரியவில்லை, இவள் அழுதால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இதுக்கு இத்தனை வருஷமா?" என்றாள்.

"ம்." கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. "போறியா?"

இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. "போறேன்" என்றாள், தெளிவாக, ஒரு முடிவை எழுதி அடிக்கோடு போடுகிறவளின் குரலில், நான் போனை இறுகப் பிடித்துக்கொண்டேன், எதிரே மாமனாரின் விசிறி இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது, வரிசையில் பூஜ்யம், பிறகு அவள் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக,

"போயிட்டு வரேன்" என்றாள்.